ரப்பர் பால்ல விழுந்த செம்மண்ணு: தட்டோன் பக்கம் ஒரு ரோடு வேலைல சுற்றுச்சூழல் அளந்த அனுபவம்

ரப்பர் கிண்ணத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா ரோடு வேலையால காத்து, தண்ணி, சத்தம் எப்படி மாறுதுன்னு அளக்க நாங்க வச்சிருந்த மானிட்டரிங் பிளான்ல எந்த டேபிள்லயும் அது கிடையாது. 2018 பிப்ரவரி, காலைல ஏழு மணி இருக்கும், பர்மாவுல தட்டோன்ல இருந்து தெக்கால போற வழியில ரோட்ட ஒட்டி ஒரு சின்ன ரப்பர் தோட்டம், அந்த பெரியம்மா ராத்திரி ரெண்டு மணிக்கே எந்திரிச்சு நெத்தில லைட்ட கட்டிக்கிட்டு மரம் சீவி முடிச்சு, பால் சேக்குற நேரத்துல என்னைய கையப் பிடிச்சு கூட்டிட்டுப் போய் ரோட்டோர வரிசைல ஒரு கிண்ணத்த காட்டுனாங்க. வெள்ளை வெளேர்னு இருக்க வேண்டிய பால் மேல செம்மண்ணு ஆடை கட்டுன மாதிரி படிஞ்சு கெடக்கு, வெரல வச்சா ஒட்டிக்கிட்டு நூலா வருது. "தம்பி, இத வச்சு ஷீட்டு போட்டா அழுக்கு ஷீட்டுன்னு வெலய கொறச்சுத்தான் எடுப்பான். நீ அங்க மெஷின வச்சுக்கிட்டு என்னத்தப்பா அளக்குற?"ன்னு கேட்டாங்க. எனக்கு அப்ப பதில் இல்ல. நான் தூசி அளந்துக்கிட்டு இருந்தது பள்ளிக்கூடத்து வாசல்ல, மூணு மாசத்துக்கு ஒரு தடவ, 24 மணி நேரம். அந்த கிண்ணம் தினமும் அளந்துக்கிட்டு இருந்துச்சு.

அந்த ரெண்டு வருஷத்துல நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான், அளவு எடுத்த அன்னைக்கே சைட்ல வேலை மாறலன்னா அந்த அளவு வெறும் ரிப்போர்ட்டுக்கு ஆகும், ஊருக்கு ஆகாது. எப்படி அந்த முடிவுக்கு வந்தேன்னு நடந்தத நடந்தபடி எழுதுறேன், எங்க தப்பையும் சேத்து, ஏன்னா இங்க பர்மாவுல இந்த வேலைக்கு வர்ற நம்ம பசங்க இப்ப கொஞ்சம் பேர் இருக்காங்க, அவங்களுக்கு தமிழ்ல படிக்க எதுவும் இல்ல.

இடமும் வேலையும்

மோன் ஸ்டேட்ல தட்டோன், மோல்மேன் பக்கம் எல்லாம் பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து நம்மாளுங்க நெல்லு போட்டு, ரப்பர் போட்டு பொழைக்கிற ஊருங்க உண்டு, வீட்ல தமிழ், கடைல பர்மீஸ், சந்தைல மோன் பாஷை. எங்க வேலை இந்த மாதிரி ரெண்டு மூணு ஊர ஊடறுத்துப் போற 12 கிலோமீட்டர் பழைய தார் ரோட்ட அகலப்படுத்தி, கல்வெர்ட்டெல்லாம் (ரோட்டுக்கு அடில தண்ணி போற சின்ன பாலம்) மாத்தி, சில எடத்துல மேட்ட வெட்டி நேராக்குறது. பெரிய ப்ராஜெக்ட் இல்ல. பக்கத்து காயின் ஸ்டேட்ல ஆசிய வளர்ச்சி வங்கி கடன்ல நடந்த ஐன்டூ–காக்கரெய்க் ரோடு 66.4 கிலோமீட்டர், தாய்லாந்து எல்லைக்கு போற ஏஷியன் ஹைவே ஒண்ணாம் நம்பர்ல சேர்ற ரோடு அது, அங்கெல்லாம் மானிட்டரிங்குக்குன்னு தனி ஆளு தனி பட்ஜெட் இருக்கும். எங்களுக்கு நான், ஒரு டிரைவர், ஒரு தூசி சாம்பிளர், ஒரு சத்த மீட்டர், தண்ணி பாட்டில் வைக்க ஒரு ஐஸ் பெட்டி.

சட்டம் இல்லாம இல்ல. 2012-ல சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, 2015 டிசம்பர்ல சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நடைமுறையும், கூடவே தேசிய சுற்றுச்சூழல் தர வழிகாட்டி அளவுகளும் வந்துச்சு. காத்துல பிஎம் 10, அதாவது மூச்சுல உள்ள போற அளவுக்கு சின்ன தூசி, 24 மணி நேர சராசரி ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம், அத விட பொடியான பிஎம் 2.5 ஆனா 25. சத்தம் குடியிருப்பு, பள்ளிக்கூடம் பக்கத்துல பகல்ல 55 டெசிபெல், ராத்திரி 45. கட்டுமான சைட்ல இருந்து வெளிய போற தண்ணில மிதக்குற மண்ணு லிட்டருக்கு 50 மில்லிகிராம், எண்ணெய் 10, பிஎச் (தண்ணியோட அமில, கார அளவு) 6-ல இருந்து 9-க்குள்ள. ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது மானிட்டரிங் ரிப்போர்ட் அரசுக்கு கொடுக்கணும். எல்லாம் சரியான நம்பருங்கதான். ஆனா எங்க நிக்கணும், எப்ப நிக்கணும்னு நம்பர் சொல்லாது, அத நாமதான் சொல்லணும்.

அடிப்படை அளவுலயே கோணல்

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருந்த நெலமைய அளந்து வைக்கிறதுதான் பேஸ்லைன். எங்களுக்கு முன்னாடி வந்த ஒரு கன்சல்டன்ட் அத 2017 ஆகஸ்ட்ல எடுத்து வச்சிருந்தாங்க. ஆகஸ்ட்டுன்னா இங்க என்னான்னு இந்த பக்கம் இருக்கவங்களுக்கு தெரியும், மோல்மேன்ல வருஷத்துக்கு 4,800 மில்லிமீட்டர் கிட்ட மழை, அதுல பெரும்பகுதி ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல கொட்டித் தீத்துரும், அந்த மாசத்துல காத்துல தூசிய தேடுனாலும் கெடைக்காது. அப்ப எடுத்த நம்பர் ரொம்ப கம்மி, அழகா இருந்துச்சு. நாங்க பிப்ரவரில முதல் அளவு எடுத்தப்ப 50-அ தாண்டி அதுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல போயிருச்சு.

கான்ட்ராக்டரோட ஃபோர்மேன் சொன்னாரு, இது எங்க தூசி இல்ல, சுத்தி வயக்காட்ட கொளுத்துறாங்க, மலைல சொக்கப்பனை மாதிரி எரியுது, அந்தப் புகைன்னு. அவரு சொன்னதுல பாதி உண்மை. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்ல இந்த நாட்டுல பாதி எடம் புகையாத்தான் இருக்கும், சூரியன் ஆரஞ்சுப்பழம் மாதிரி தெரியும், அது ரோடு போட்டாலும் போடலன்னாலும். ஆனா மிச்ச பாதி எங்க லாரி கெளப்புற மண்ணு. எது எவ்வளவுன்னு சொல்ல எங்க கைல ஒண்ணும் இல்ல, ஏன்னா வெயில் காலத்து பேஸ்லைன் இல்ல. ரெண்டு மீட்டிங் இதுலயே போச்சு. தூசி நிக்கல, பேச்சுதான் நடந்துச்சு.

வழி ரொம்ப சாதாரணம்தான், எனக்கு தோண ஒரு மாசம் ஆச்சு. மோல்மேன்ல தெரிஞ்ச ஒரு ஆபீஸ்ல இன்னொரு சாம்பிளர வாடகைக்கு எடுத்தோம். ஒண்ண காத்து வர்ற பக்கம், ரோட்டுல இருந்து நல்லா தள்ளி, இன்னொண்ண காத்து போற பக்கம், வீடுங்க இருக்க வரிசைல. ஒரே நாள், ஒரே நேரம், ஆன் பண்றதும் ஆஃப் பண்றதும் ஒண்ணா. வயக்காட்டுப் புகை ரெண்டுலயும் வரும். ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் எங்க ரோடு. அந்த முதல் ஜோடி அளவு வந்ததும் வாக்குவாதம் அதோட நின்னுச்சு, அந்த ஃபோர்மேன் பேப்பர பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம தண்ணி லாரிக்காரன கூப்பிட்டாரு.

இதுல ஒரு விஷயத்த கிட்டத்துல பாக்கணும். அந்த பெரிய சாம்பிளர் நிமிஷத்துக்கு 1.13 கன மீட்டர் காத்த இழுக்கும், 24 மணி நேரத்துல 1,600 கன மீட்டருக்கு மேல, அத்தனை காத்தும் ஒரு தாள் அளவு ஃபில்டர் வழியா போகும். போறதுக்கு முன்னாடி ஃபில்டர எடை போட்டு, வந்ததுக்கு அப்புறம் திரும்ப எடை போட்டு, கூடுன எடைய காத்தோட கொள்ளளவால வகுத்தா அளவு. லிமிட் 50-ன்னா அந்த ஃபில்டர்ல சேரக்கூடிய மொத்த மண்ணு 80 மில்லிகிராம் சொச்சம், ஒரு சிட்டிகை உப்புகூட அத விட அதிகம். அவ்வளவு சின்ன எடைல வெரல் பட்டா போச்சு, வேர்வை சொட்டுனா போச்சு, ஈரம் ஏறுனா போச்சு, அதனால ஃபில்டர ஒரு நாள் முழுக்க ஒரே ஈரப்பதத்துல வச்சிருந்துதான் தராசுல ஏத்தணும். இன்னொண்ணு, நம்ம ஊர்ல கரண்ட் எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது, ஜெனரேட்டர் வச்சா ஜெனரேட்டர் புகையே ஃபில்டர்ல ஏறிரும். முதல் தடவ நான் அந்த தப்ப பண்ணேன், பத்தடி தள்ளித்தான் வச்சிருந்தேன், ராத்திரி காத்து திரும்பிருச்சு, காலைல ஃபில்டர் செவப்பா இல்லாம கறுப்பா இருந்துச்சு. அந்த நாள் அளவ தூக்கிப் போட்டுட்டு மறுபடி எடுத்தோம். அப்புறம் நீள வயரு வாங்கி ஜெனரேட்டர காத்து போற பக்கம் வெகு தூரம் தள்ளி வச்சோம்.

கைல பிடிக்கிற சின்ன டிஜிட்டல் தூசி மீட்டரும் இருந்துச்சு. அது உடனே நம்பர் காட்டும், ஆனா காலைல பனி இருக்கும்போது ஈரத்துல துகள் ஊதிப்போறதால கூட்டிக் காட்டும். ரிப்போர்ட்டுக்கு அத நம்ப முடியாது. ஆனா சைட்ல லாரி போகும்போது ஃபோர்மேன் கண்ணு முன்னாடி நம்பர் ஏறுறத காட்ட அதுதான் ஆயுதம். நாங்க ஒரு மத்தியானம் ஒரே லாரிய ஒரே துண்டு ரோட்டுல வேகமா ஒரு தடவ, மெதுவா ஒரு தடவ ஓட்டச் சொல்லி அவருக்கு காட்டுனோம். தண்ணி தெளிச்சத விட வேகத்த கொறச்சதுதான் அன்னைக்கு அதிகமா வேலை செஞ்சுச்சு. ஏப்ரல் வெயில்ல தெளிச்ச தண்ணி அரை மணி ஒரு மணி நேரத்துல காஞ்சு போயிரும், வேகம் காயாது. ஊருக்குள்ள 20 கிலோமீட்டர்னு போர்டு வச்சு, பழைய டயரயும் மூங்கிலையும் போட்டு வேகத்தடை மாதிரி பண்ணி, மண்ணு லாரிக்கு தார்ப்பாய கட்டாயம் ஆக்குனாங்க. பெரியம்மா தோட்டத்து ரோட்டோர ரெண்டு வரிசைக்கு நாலடி ஒயர பச்சை வலை கட்டிக் கொடுத்தாங்க, அது எங்க பிளான்லயே இல்லாதது.

தெளிச்ச தண்ணி எங்க இருந்து வந்துச்சு

இதத்தான் நான் ரொம்ப வருத்தத்தோட எழுதுறேன். தூசிய அடக்கணும்னு நான்தான் கத்துனேன், தண்ணி லாரி எண்ணிக்கைய கூட்டச் சொன்னேன், கூட்டுனாங்க. மார்ச் கடைசில ஒரு சாயங்காலம் ஊர் குளத்துக்கிட்ட போனப்ப ரெண்டு பொம்பளைங்க கொடத்த இடுப்புல வச்சுக்கிட்டு படிக்கட்டுல கீழ கீழ எறங்குறாங்க, வழக்கமா தண்ணி நிக்கிற படிக்கு இன்னும் நாலு படி கீழ. இங்க ஊர் குளம்னா குடிதண்ணி குளம், அதுல யாரும் கால் வைக்க மாட்டாங்க, சோப்பு போட மாட்டாங்க, சுத்தி வேலி போட்டு மாட்ட விடாம காப்பாத்துற குளம், மழைல ரொம்புனத வச்சு அடுத்த மழை வரைக்கும் ஊரே குடிக்கணும். தண்ணி லாரி அங்கதான் பம்ப்ப போட்டு தெனமும் நடை நடையா இழுத்துக்கிட்டு இருந்துச்சு. ஊர் தலைவர் சம்மதிச்சாருன்னு டிரைவர் சொன்னான், அவர கேட்டா ரெண்டு நடைக்குத்தான் சம்மதிச்சேன்னு சொன்னாரு.

காத்து அளவு நல்லா ஆகிக்கிட்டு இருந்துச்சு, என் ரிப்போர்ட்ல பச்சை கலர். குளம் எந்த டேபிள்லயும் இல்ல. மறுநாளே பம்ப்ப எடுக்க வச்சோம், ரெண்டு கிலோமீட்டர் தள்ளி பழைய கல்லு குவாரி குழில மழைத்தண்ணி நின்னுச்சு, அது குடிக்க ஆகாது, தெளிக்க ஆகும், அங்க இருந்து இழுக்கச் சொன்னோம், டீசல் கூட செலவாகுதுன்னு கான்ட்ராக்டர் பக்கத்துல முணுமுணுத்தாங்க. குளத்துல நான் ஒரு மூங்கில்ல பெயிண்ட்டால அடிக்கணக்கு கோடு போட்டு நட்டு, பள்ளிக்கூடத்து பசங்ககிட்ட தினமும் ஒரு நோட்டுல எழுதச் சொன்னேன். அந்த நோட்டு அடுத்த வருஷமும் ஓடிச்சு. எங்க பிளான்ல அடுத்த தடவ திருத்தம் பண்ணப்ப தெளிக்கிற தண்ணி எங்க இருந்து எடுக்குறாங்கன்னு ஒரு வரி சேத்தோம். ஒரே ஒரு வரி. அது முன்னாடியே இருந்திருந்தா அந்த நாலு படி எறங்கியிருக்காது.

சத்தம்

சத்த மீட்டர் சிம்பிள்னு நெனைப்பாங்க. மைக்க தரையில இருந்து ஒரு மீட்டர் இருபது, ஒரு மீட்டர் அம்பது ஒயரத்துல, சுவத்துல இருந்து மூணரை மீட்டராவது தள்ளி வைக்கணும், இல்லன்னா சுவத்துல பட்டு திரும்புறதும் சேந்து ஏறும். ஒவ்வொரு தடவையும் 94 டெசிபெல் காலிபரேட்டர மாட்டி சரிபாக்கணும், காத்து பலமா அடிச்சா அந்த நேரத்து அளவ எடுக்கக் கூடாது. இதெல்லாம் செய்யலாம். கஷ்டம் வேற எடத்துல.

டெசிபெல் நேரா கூட்டுற கணக்கு இல்ல. ஒரே மாதிரி ரெண்டு மெஷின் ஓடுனா மூணு டெசிபெல்தான் கூடும், அதே மாதிரி ஒரு எடத்துல நிக்கிற மெஷின்ல இருந்து தூரத்த ரெண்டு மடங்கு ஆக்குனா ஆறு டெசிபெல் கொறையும். ஒரு பிரேக்கர் (பழைய கான்கிரீட்ட உடைக்கிற மெஷின்) ஒரே ஒரு மணி நேரம் 75-ல கத்துனா, பகல் 15 மணி நேரத்துல மிச்ச 14 மணி நேரம் ஊரே மூச்சு விடாம இருந்தாக்கூட, பகல் சராசரி 63 வந்துரும், லிமிட் 55. இத புரிய வைக்கத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆச்சு, ஒரு மணி நேரம்தானே ஸயான்னு (பர்மீஸ்ல சார்) கேப்பாங்க. அந்த ஒரு மணி நேரத்த பள்ளிக்கூடம் விட்டதுக்கு அப்புறம் வச்சுக்கங்கன்னு கேட்டோம், வச்சாங்க, சராசரி அதேதான் வந்துச்சு, ஆனா டீச்சர் தொண்டைய கிழிச்சு பாடம் நடத்துறது நின்னுச்சு. நம்பர் மாறாமலே நல்லது நடக்கும்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுச்சு.

ராத்திரி அளவு வேற கதை. ஜூன் மாசம் புத்த மடத்துக்கு பக்கத்துல ராத்திரி வச்ச மீட்டர் 45-அ நல்லா தாண்டிருச்சு, அன்னைக்கு சைட்ல ஒரு மெஷினும் ஓடல. ரெக்கார்டிங்க போட்டு கேட்டா முழுக்க தவளை. வயல்ல தண்ணி நின்னா இங்க ராத்திரி பூரா தவளையும் பூச்சியும்தான். பகோடா திருவிழா வந்தா லவுட்ஸ்பீக்கர் விடிய விடிய. அதுக்குத்தான் வழிகாட்டில இன்னொரு வழியும் இருக்கு, ஏற்கனவே இருக்க சத்தத்துக்கு மேல மூணு டெசிபெல்லுக்கு அதிகமா நாம கூட்டக் கூடாதுன்னு. அதுக்கு வேலை இல்லாத ராத்திரியையும் அளந்து வச்சிருக்கணும், எல்லா மாசத்துலயும். அதுல இருந்து மீட்டரோட எப்பவும் ஒரு நோட்டும் போச்சு, எத்தன மணிக்கு என்ன கேட்டுச்சுன்னு கையால எழுதுறது, நாய், லாரி, தவளை, பிரார்த்தனை மணி. அந்த நோட்டு இல்லாத சத்த அளவ நான் இப்ப நம்புறதே இல்ல.

ரோட்டோரத்துல நம்மாளுங்க கட்டுன ஒரு முனீஸ்வரன் கோயில் இருக்கு, செங்கல் சுவரு, சுண்ணாம்பு பூசி நாள் ஆச்சு. ரோலர் அதிர்வுல சுவரு பிளந்துரும்னு பயந்தாங்க, பயந்தது நியாயம். வேலைக்கு முன்னாடியே பூசாரி அண்ணனையும் கூட்டிக்கிட்டு சுத்தி வந்து இருக்க விரிசல எல்லாம் போட்டோ எடுத்து தேதி போட்டு அவருகிட்டயும் ஒரு காப்பி கொடுத்தோம், ரெண்டு விரிசல் மேல மெல்லிசா கண்ணாடித் துண்டு ஒட்டுனோம், சுவரு அசைஞ்சா கண்ணாடி முறியும். கட்டடம் எவ்வளவு அதிர்வு தாங்கும்னு சொல்ற ஜெர்மனியோட டின் 4150 அளவுல சாதாரண வீட்டுக்கு வினாடிக்கு 5 மில்லிமீட்டர், நொய்ஞ்ச பழைய கட்டடத்துக்கு 3, அதுவும் மெதுவான அதிர்வுக்கு. கோயில் முன்னாடி ரோலரோட அதிர்வ ஆஃப் பண்ணிட்டு வெறும் எடையால கூடுதல் தடவ ஓட்டச் சொன்னோம். கண்ணாடி முறியல.

மழை வந்ததும்

தண்ணி சாம்பிள் பிளான்ல மாசாமாசம் 15-ஆம் தேதின்னு போட்டிருந்துச்சு. ஏப்ரல் 15-ல ஓடைல தண்ணியே இல்ல. மே 15-ல இருந்தது குட்டை. மே கடைசில முதல் பெரு மழை அடிச்சப்ப வெட்டுன மேட்டுல இருந்து செம்மண்ணு கரைஞ்சு டீத்தண்ணி கணக்கா கல்வெர்ட்டுல பாயுது, நான் ஆபீஸ்ல உக்காந்திருக்கேன், ஏன்னா அன்னைக்கு 15 இல்ல. மழை அடிச்ச ஆரம்பத்துலதான் நெறைய மண்ணு போயிரும், அத விட்டுட்டு நாலு நாள் கழிச்சு எடுத்தா தெளிஞ்ச தண்ணிதான் கெடைக்கும், லேப் ரிப்போர்ட் நல்லாத்தான் வரும்.

அப்புறம் ஏற்பாட்ட மாத்தினோம். ஊர்ல ரோட்டோர டீக்கடை வச்சிருந்த ஒரு தம்பிகிட்ட பாட்டில கொடுத்து, எப்படி பிடிக்கணும்னு பழக்கி, மழை தொடங்குன உடனே கல்வெர்ட்டுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு பிடிச்சு ஐஸ்ல வைக்கச் சொன்னோம். இதுலயும் வித்தியாசம்தான் கணக்கு, மேல வர்ற தண்ணியே கலங்கலா இருந்தா அது மலை மண்ணு. கீழ கூடுதலா இருக்கறது எங்க மண்ணு. பாட்டிலோட வாய தண்ணி வர்ற திசைக்கு எதிரா வச்சு, அடி மண்ணு கிளறாம பிடிக்கணும், அவன் என்னைய விட பொறுமையா பிடிச்சான்.

ஒரு நாள் அவன்தான் போன் பண்ணான், அண்ணே மீனு மெதக்குதுன்னு. போய் பாத்தா கான்கிரீட் மிக்சர் லாரிக்காரன் டிரம்ம கழுவி கல்வெர்ட்டு ஓரத்துலயே ஊத்திட்டுப் போயிருக்கான், சாம்பல் கலர் தண்ணி, ஓரத்துல ரெண்டு விராலு, கொஞ்சம் பொடி மீனு செத்து மெதக்குது. பிஎச் பேப்பர முக்குனேன், கருநீலம் ஆயிருச்சு, பெட்டில இருக்க கலர் வரிசைல கடைசி கட்டத்துக்கு பக்கத்துல. புது சிமென்ட் கழுவுன தண்ணி பிஎச் 12 பக்கம் நிக்கும், சுண்ணாம்பு தண்ணியேதான், மீனோட செவுள வெந்து போக வச்சிரும். லேப் ரிசல்ட்டுக்கு காத்திருந்தா ஒரு வாரம் ஆகியிருக்கும். பேப்பரு அஞ்சு செகண்ட்ல சொல்லுச்சு. அன்னைக்கு சாயங்காலமே கான்கிரீட் கலக்குற பேட்ச் பிளான்ட் பக்கத்துல பிளாஸ்டிக் போட்ட குழி வெட்டி, டிரம் கழுவுறது அங்க மட்டும்னு ஆச்சு, அந்த டிரைவர திட்டாதீங்க, அவனுக்கு யாரும் சொல்லலன்னு நான் சொன்னேன், அது உண்மையும்கூட.

தார் காய்ச்ச விறகு போடுறதுக்கு ஓரத்து மரத்த வெட்டுனது, லேபர் கேம்ப் கக்கூசு, இதெல்லாம் இருந்துச்சு, எல்லா சைட்லயும் இருக்கறதுதான், சொல்லச் சொல்ல சரி பண்ணாங்க. ஒரு தூங்குமூஞ்சி மரத்த மட்டும் காப்பாத்த முடியல, வெள்ளக்காரன் காலத்துல வச்ச மரம், அதுக்கு நிழல்ல பாதி சந்தை நடக்கும். ஒண்ணுக்கு பத்து கன்னு நட்டாங்க. அந்த அளவு நிழல் வர பல வருஷம் ஆகும்.

புகார் நோட்டு

மூணாவது காலாண்டுல நான் ஒரு சாதாரண கோடு போட்ட நோட்ட டீக்கடைல கட்டித் தொங்க விட்டேன், பர்மீஸ்ல, தமிழ்ல, மோன்ல எதுல வேணா எழுதலாம், எழுதத் தெரியாதவங்க சொன்னா தம்பி எழுதுவான். தேதி, எடம், என்ன கஷ்டம். வாரத்துக்கு ஒரு தடவ ஃபோர்மேனும் நானும் உக்காந்து ஒவ்வொண்ணுக்கும் என்ன செஞ்சோம்னு எதிர்ல எழுதுவோம். ரப்பர் பால், குளம், மீனு, ஆஸ்துமா இருக்க ஆயா வீட்டு முன்னாடி நிறுத்தி வச்ச லாரி, எல்லாம் மெஷின் கண்டுபிடிச்சது இல்ல, ஆளு சொன்னது. மெஷின் செஞ்ச வேலை வேற, ஆளு சொன்னத மறுக்க முடியாத நம்பரா ஆக்குனது. ரெண்டும் சேந்தாத்தான் மானிட்டரிங்னு நான் நெனைக்கிறேன். நோட்டு மட்டும் இருந்தா கிராமத்தாளு பொலம்பல்னு தள்ளியிருப்பாங்க, மீட்டர் மட்டும் இருந்தா பள்ளிக்கூட வாசல்ல தூசி இல்லன்னு எழுதி கையெழுத்து போட்டிருப்போம்.

அளவு எடுக்கப் போறத முன்கூட்டி சொல்றதயும் நிறுத்தினோம். முன்னாடி லெட்டர் போட்டு தேதி சொல்லிட்டுத்தான் போவோம், அந்த தேதிக்கு ரோடு குளிச்சிட்டு நிக்கும். சொல்லாம போனதுக்கு கொஞ்ச நாள் மனஸ்தாபம் இருந்துச்சு. அப்புறம் பழகிட்டாங்க.

வேலை முடிஞ்சதுக்கு அப்புறம்

2019 மே மாசம் தார் போட்டு முடிச்சு, கோடு போட்டு, என் கான்ட்ராக்ட்டும் முடிஞ்சுச்சு. யோசிச்சுப் பாருங்க, வெட்டுன சரிவு முழுசா வாங்கப் போற முதல் மழை அதுக்கு அப்புறம்தான் வருது. சரிவுல தூவுன புல்லு இன்னும் பிடிக்கல. பராமரிப்பு காலம்னு ஒரு வருஷம் ரோட்டுக்கு இருக்கு, தார் பேந்தா வந்து ஒட்டுவாங்க, ஆனா சுற்றுச்சூழல் அளக்க அதுல காசு ஒதுக்கல. இது எங்க ப்ராஜெக்ட்ல மட்டும் இல்ல, நான் அப்புறம் பாத்த ரெண்டு மூணு வேலைலயும் இதே மாதிரிதான் இருந்துச்சு, அளவு எடுக்க வேண்டிய நேரத்துல அளவு எடுக்கிற ஆளு வீட்ல இருக்கான்.

ஜூன் கடைசில டீக்கடை தம்பி திரும்ப போன் பண்ணான், ஆறாவது கிலோமீட்டர் கல்வெர்ட்டு வாய் பாதி மண்ணால மூடிருச்சு, கீழ இருக்க நாத்து வயல்ல மண்ணு ஏறுதுன்னு. மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு மழைலயே போனேன். லேபுக்கு கொடுக்க காசு இல்ல, ரெண்டு தண்ணி பாட்டில்ல மேலயும் கீழயும் பிடிச்சு அவன் கடை மேசைல ராத்திரி பூரா அசையாம வச்சோம். காலைல மேல பிடிச்சதுல அடில ஒரு நகக்கண்ணு கனம் மண்ணு, கீழ பிடிச்சதுல ஒரு வெரக்கடை. பக்கத்துல பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து, சைட் வேலைய மேற்பார்வை பாக்குற ரெசிடென்ட் இன்ஜினியருக்கு அனுப்பினேன், கூட அந்த நாத்து வயல் போட்டோவும். மூணு நாள்ல மண்ணு மூட்டை அடுக்கி, கல்வெர்ட்டுக்கு மேல ஒரு மண்ணு தங்குற குழி வெட்டிக் கொடுத்தாங்க.

ஆகஸ்ட் 9-ஆம் தேதி எங்களுக்கு பக்கத்து பவுங் டவுன்ஷிப்ல மலை சரிஞ்சு ஒரு கிராமத்துல நெறைய வீடு மண்ணுக்குள்ள போச்சு, எழுபது பேருக்கு மேல செத்துப் போனாங்க, யாங்கோன்–மோல்மேன் ஹைவே மேலயும் மண்ணு வந்து மூடுச்சு. அது நாள்கணக்கா விடாம பெஞ்ச மழை, எங்க ரோட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா அதுக்கு அடுத்த நாள் ராத்திரி ரெசிடென்ட் இன்ஜினியரே போன் பண்ணி, தம்பி, நம்ம எட்டாவது கிலோமீட்டர் சரிவுல மேல விளிம்புல வெடிப்பு இருக்கான்னு நீங்க முன்னாடி எடுத்த போட்டோ எதாவது இருக்கான்னு கேட்டாரு. இருந்துச்சு. விடியகாலைல அந்த போட்டோவையும், ஒரு நூல் கண்டையும், எட்டு மூங்கில் முளைக்குச்சியையும் எடுத்துக்கிட்டு நானும் அந்த டீக்கடை தம்பியும் மேல ஏறினோம், பழைய வெடிப்பு ஒண்ணு மேல ஒரு சாண் விட்டு ரெண்டு பக்கமும் குச்சி நட்டு, நடுவுல நூல இழுத்துக் கட்டி, எத்தன வெரல்னு அளந்து குச்சிலயே பேனாவால எழுதிட்டு எறங்கினோம்.